திரும்பி வந்த அதிரசம்

பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய ஒப்பந்தத் தாள் ஒன்று கைக்கு வந்தது. நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்த நாட்களில் அச்சடித்து வைத்திருந்த வருடாந்தர சர்வீஸ் படிவம். பணம் தாமதமானால் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதல் என்பது அதில் ஏழாவது வரி. அந்த வரியின் மேல் ஸ்கேல் வைத்து நீல மையில் ஒரு கோடு. பக்கத்தில் பாயின் கையெழுத்து.

பாய் திருச்சி பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில் சர்பத் கடை வைத்திருந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். வருடா வருடம் நான் படிவத்தை நீட்டியதும் ஸ்கேலைத் தேடுவார். ஒரு நாள்கூடப் பணத்தைத் தாமதித்தவரில்லை. பிறகு அந்த வரி இருந்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

“கட்டுறேனோ இல்லையோ, வட்டிக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டதா ஆயிடும்ல. அது எங்களுக்கு ஆகாதுண்ணே.”

மனிதருக்கு எல்லாவற்றிலும் ஒரு கறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வேலை முடிந்தபின் அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து நன்னாரி சர்பத் குடித்தபடி பேசும் அரைமணி நேரத்துக்காகவே, இல்லாத ரிப்பேரைப் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் போயிருக்கிறேன். எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான்.

என் மனைவிக்குப் புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றபோது, கேட்ட அன்றே பணம் கொடுத்தார். வட்டி எவ்வளவு என்று தயங்கிக் கேட்டேன். குடுத்தது திரும்பி வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அந்த நன்றியை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் அவர் ஃபிரிட்ஜுக்கு கேஸ் நிரப்பிவிட்டுக் காசு வேண்டாம் என்றேன். பில் போடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி, முழுப் பணத்தையும் என் சட்டைப் பையில் திணித்தார்.

தீபாவளி வந்தது. வருடந்தோறும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அவருக்கு அதிரசம் போகும். அந்த வருடம் என் மனைவி, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய தூக்கு நிறையச் சுட்டுக் கொடுத்தாள். பாய் தூக்கைத் திறந்து பார்த்தார். உள்ளே போய் ஒரு சின்ன டப்பா எடுத்து வந்து, அது நிறையும் அளவு மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியோடு தூக்கை என் கையில் கொடுத்தார்.

“வழக்கமா வர்ற அளவு போதும்ணே.”

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. கடன்காரன் வீட்டுப் பலகாரம் என்பதால் இளப்பமாகிவிட்டதோ? மீதியைப் பார்த்து, பாகு முறிந்துவிட்டதா என்று மனைவி கேட்டாள். தூக்கை அடுப்படியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அதன்பிறகு பெஞ்சில் உட்காருவதை நிறுத்திக்கொண்டேன்.

கடைசித் தவணையைக் கொடுத்த அன்று பாயின் முகம் மலர்ந்திருந்தது. “இப்ப அந்த மிச்ச அதிரசத்தைக் கொண்டாங்கண்ணே” என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கடன் சீட்டைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டேன். இனி சர்வீஸுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவர் என் பின்னால் இரண்டு முறை ‘அண்ணே’ என்றார். அது எனக்குக் கேட்டது.

அவர் மவுத்தான செய்தி சில வருடங்கள் கழித்து வந்தது. துக்கம் விசாரிக்கப் போனபோது கடையில் அவர் தம்பி இருந்தார். பேச்சோடு பேச்சாக அந்தத் தீபாவளியைப் பற்றிச் சொன்னேன். கடன் நிற்கிறவரை, கடனுக்காக என்று கூடுதலாக எது வந்தாலும் அது வட்டிதான் என்றார் தம்பி. முன்பிருந்தே வந்துகொண்டிருந்தது மட்டும் வரலாமாம். அதை ஏன் அவர் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா, கடன் குடுத்ததைச் சொல்லிக் காட்டுன மாதிரி ஆயிடும்னாரு. நீங்க அடைச்ச அன்னிக்குக் காலைல, இனிமே அண்ணன் வீட்டுல போயே சாப்பிடலாம்னு சொல்லிட்டிருந்தாருங்க.”

வட்டி என்றால் பணம் என்றுதான் எனக்குத் தெரியும். அதிரசமும் வட்டியாகும் என்று நான் எங்கே கண்டேன்? என் மனைவிக்காவது சொல்லலாம் என்றால், அவளும் அதற்கு முந்தின வருடமே போய்விட்டாள். பாகு முறிந்ததால்தான் திரும்பி வந்தது என்று கடைசிவரை நம்பினாள்.

இன்று குடிதண்ணீர் மெஷினுக்கு வருட சர்வீஸ் ஒப்பந்தம் போனில் வந்தது. தாமதமானால் கூடுதல் கட்டணம் என்று அதிலும் ஒரு வரி. கோடு போட இடமில்லை. ‘சம்மதம்’ என்ற கட்டத்தைத் தொட்டால் முடிந்தது. தொடாமல் போனைக் கீழே வைத்துவிட்டு, பழைய தாளை எடுத்து அந்த நீலக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். பரண்மேல் பெரிய தூக்கு இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் நிறைத்துக்கொண்டு போகலாம். இனி வாங்கிக்கொள்வேன் என்று சொன்னவர்தான் இல்லை.