எழுத்தாளர் வீட்டில் பாஞ்சாலை

வெள்ளைப்பாறை எஸ்டேட்டின் வரலாற்றை யாரிடம் கேட்டாலும் இரண்டு பேரைச் சொல்வார்கள். காட்டை அழித்துத் தேயிலை போட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவர். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசி வீட்டில் இருந்துகொண்டு கதை எழுதிய சாம்பசிவம் இன்னொருவர். அவருக்குச் சோறாக்கிப் போட்டவளை ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு வயிறு எரிகிறது. என் பெயர் செல்லம்மா. அதே லயத்துக்காரி, அதே மலையில் கொழுந்து பறித்தவள். பாஞ்சாலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

சாம்பசிவம் கவ்வாத்து வெட்டுகிற ஆள். பகலெல்லாம் தேயிலைச் செடியை வெட்டிவிட்டு வந்து, சாயங்காலம் பால் டின் வந்த பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் எழுதுவார். கோலாலம்பூர் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை கதை வரும். பிரிஞ்சாங் டவுனுக்குப் போகிறவர்கள் வாங்கி வந்தால் லயமே சுற்றி உட்கார்ந்து படிக்கும். பேனாவை எடுத்துவிட்டால் மனுஷருக்கு வேறு நினைப்பே கிடையாது. விறகு, தண்ணீர், ஒழுகுகிற கூரை, மகன் கந்தனின் காய்ச்சல் எல்லாம் பாஞ்சாலை தலையில்தான். அதற்குமேல் மலைக்குப் போய்க் கொழுந்தும் பறிப்பாள்.

வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கதையில், கங்காணியிடம் ஏச்சு வாங்கிய பெண் மூலையில் உட்கார்ந்து அழுவதாக எழுதிவிட்டார். பாஞ்சாலை மூன்றாம் வகுப்பு படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள். பிறகு லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“என்னத்தானே எழுதியிருக்கீங்க? நான் எப்ப அழுதேன்? கூடையாலயே அவன் மண்டையில போட்டேன்லா!”

“கதைன்னா அப்படித்தான் புள்ள,” என்றார் அவர்.

“அப்ப இன்னிக்குக் கதையவே தின்னுங்க.”

அன்று அந்த வீட்டில் அடுப்பு புகையவில்லை. பாவம், என் வீட்டில் வந்துதான் சாப்பிட்டுப் போனார்.

எழுபத்து நாலில் மார்ச்சளி வந்து அவர் போய்ச் சேர்ந்தார். வீடு பாஞ்சாலையிடமே இருந்தது. அதில் யாருடைய தர்மமும் இல்லை. எங்கள் எஸ்டேட்டில் வீடு எவருக்கும் சொந்தமில்லை. விடிகாலையில் எல்லோரும் களத்தில் கூடுவோம். அதைப் பெரட்டு என்போம். கணக்கெழுதுகிற கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், “வந்தாச்சு” என்று குரல் கொடுக்க வேண்டும். பெரட்டில் பெயர் இருந்தால் வீடு இருக்கும், பாஞ்சாலை பெயர் இருந்தது. பெயரை எடுத்துவிட்டால் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான்.

எண்பத்து மூன்றில் பாஞ்சாலைக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. பெயரை எடுத்துவிட்டார்கள். அப்போது மேனேஜராக இருந்த துரை நம்ம ஆள்தான், கூப்பிடுவது மட்டும் இன்னும் துரை. அவருக்கு முன்பு இருந்தவர், வயது முடிந்த ஆண்களைக் காவல் வேலை என்று சொல்லிப் பெரட்டில் வைத்திருந்தார். பெண்களுக்கு அந்தச் சலுகை கிடையாதாம். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், பிறகு அதை இடிக்கப் போவதாகப் பேச்சு.

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து எழுத்தாளர் சங்கத்துக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். செயலாளர் பெயர் நாகரத்தினம். வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாஞ்சாலைக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பி கலந்து கொடுத்து, புருஷன் உட்கார்ந்த இடம், எழுதின இடம் எல்லாம் காட்டினாள். நாகரத்தினம் நேரே துரையிடம் போய்ப் பேசினார். கியா பார்முக்கு ஸ்ட்ராபெரி வாங்கப் போகிற கூட்டம் வழியில் இங்கேயும் இறங்கும் என்றதும் துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“வீட்டை இடிக்க மாட்டாங்கம்மா. நினைவு இல்லம் ஆக்கப் போறோம். கல்லு பதிக்கப் போறோம்,” என்றார் நாகரத்தினம்.

பாஞ்சாலை எனக்குச் சர்க்கரை கொண்டுவந்து வாயில் போட்டாள். வீடு தப்பியதென்றால் தானும் தப்பியதாக நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லயத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஆளில்லாத வீட்டைக் காப்பாற்றுவார்கள் என்று எப்படித் தோன்றும்?

மறுவாரம் கிராணி ரெங்கசாமி வந்து விளக்கினார். “சனிக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள நீங்க கந்தன்கிட்ட போயிருங்க. நினைவு இல்லத்துல அடுப்பு எரியக் கூடாதாம்.”

“எழுதுனவருக்கு வீடு, ஆக்கிப் போட்டவளுக்கு ரோடா?” என்றாள் பாஞ்சாலை.

“துரை சொல்றாரு. நான் என்ன பண்ண?”

“நான் போவலன்னு சொன்னேன்னு துரைகிட்ட சொல்லுங்க.”

கந்தன் திரிங்காப்பில் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், போடுகிற தோட்டத்தில் இருந்தான். வியாழக்கிழமை லோரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். நல்ல பிள்ளைதான், ஆனால் பயந்தவன். “வாம்மா, எதுக்கு வம்பு,” என்றான். “லோரிய எடுத்துட்டுப் போயி கோபிஸ் ஏத்து. எனக்குக் காலையில பெரட்டு இருக்கு,” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பெரட்டு இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை விடியலில் கூடையை மாட்டிக்கொண்டு, எப்போதும் நிற்கிற இடத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கிராணி அவளைப் பார்க்காத மாதிரி பெயர் கூப்பிட ஆரம்பித்தார். முன்பெல்லாம் அவள் பெயர் வந்த பிறகுதான் என் பெயர் வரும். அன்றைக்கு அவளைத் தாண்டி “செல்லம்மா!” என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. துணிந்து செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் கோபத்தில் கிராணியையே முறைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை வாய் வந்தது, நான்தான் திறக்கவில்லை.

“மாரியம்மா!” என்றார். மாரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். அடுத்த பெயருக்கும் சத்தமில்லை. ஆண்கள் பக்கம் போனார், சிங்காரமும் மாடசாமியும் ஊமையாகிவிட்டார்கள். களத்தில் இத்தனை பேர் நிற்க, யாருமே வரவில்லை என்று ஆகிவிட்டது.

துரை ஜீப்பில் வந்து இறங்கினார். “வேலைக்குப் போறீங்களா, இல்ல வீட்டுக்குப் போறீங்களா?” என்று கத்தினார்.

“வீடா? அதத்தான் துரை புடுங்குறீங்க,” என்றேன் நான். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

மழை விட்டுக் கொழுந்து தளதளவென்று நின்ற நேரம். அன்று பறிக்காவிட்டால் முற்றிவிடும், தொழிற்சாலை சும்மா கிடக்கும். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கடைசியில் கிராணியிடம், “அந்தம்மா பேரையும் கூப்பிடு,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

“பாஞ்சாலை!”

“வந்தாச்சு!” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

சனிக்கிழமை வேன் வந்தது. சுவரில் சாம்பசிவத்தின் பெயர் போட்ட கல்லைப் பதித்தார்கள், கை தட்டினார்கள். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நாகரத்தினம் மாலையோடு வாசலில் தயங்கி நின்று, “உள்ள வரலாமாம்மா?” என்று கேட்டார்.

பாஞ்சாலை கரண்டியோடு வந்து அவர் காலைப் பார்த்தாள்.

“செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. இது வீடு.”