பழைய சேலைக்குள் ஒரு ரிப்போர்ட்

எழுத்து என்று வீட்டுக்குள் எது வந்தாலும் அத்தையின் கண்ணுக்குத் தப்பாது. என் மாமியார் மதுரையில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர். பால் பாக்கெட்டைக்கூட முழுக்க வாசித்துவிட்டுத்தான் கத்தரிப்பார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகாமல் நான் மராத்தி பேசும் ஊரான நிக்டியில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட, என் ஆஸ்பத்திரி ஃபைல் அவருடைய சாயங்கால வாசிப்பாகிவிட்டது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒன்பதாம் மாதம் டாக்டர் பஞ்சு சுற்றிய குச்சியால் கீழே சாம்பிள் எடுத்தார். குரூப் பி ஸ்ட்ரெப், பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தது. நிறையப் பேர் உடம்பில் சும்மா இருக்கிற கிருமிதான், ஆனால் பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றினால் ஆபத்து, பிறப்பதற்குச் சில மணி நேரம் முன்பே உங்களுக்கு டிரிப்பில் மருந்து ஏறியாக வேண்டும், அதனால் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றார்.

மருந்து எனக்குப் புரிந்தது. அந்த இடமும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லும்தான் கூச்சமாக இருந்தன. சுத்தமில்லாதவள் என்று அத்தை நினைத்துவிட்டால்? கணவரிடம்கூட எல்லாம் நார்மல் என்றேன். அந்தத் தாளை மட்டும் உருவி, பீரோவின் அடித்தட்டில் பழைய பருத்திச் சேலைகளுக்கு நடுவே செருகினேன். கிளம்பும்போது எடுத்துக்கொள்ளலாமாம். என்ன ஒரு புத்திசாலித்தனம்!

இரண்டு வாரம் கழித்து, காலையில் தோசை ஊற்றும்போது பனிக்குடம் உடைந்தது. கணவர் போசரியில், ஃபேக்டரி ஷிப்டில் இருந்தார். அத்தைதான் ஆட்டோ பிடித்தார். ஆகுர்டி தாண்டும்போதுதான் தாள் ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அத்தை, எனக்கு வாய் வரவில்லை. அந்த மௌனத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் டாக்டர் அன்று ஊரில் இல்லை. டியூட்டி டாக்டருக்கு என்னைத் தெரியாது. அந்த டெஸ்ட் எடுத்தீர்களா என்று நர்ஸ் கேட்டபோது, அத்தையின் முகத்தைப் பார்க்காமல், பாசிட்டிவ், ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறது என்று ஹிந்தியில் சொல்லி அழுதேன்.

"ரிப்போர்ட் ஆஹே", இருக்கிறதே என்று மராத்தியில் சொல்லி நர்ஸ் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். முதல் பக்கமே அதுதான். மேலே, முதலில் இதைப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில், சிவப்பு மையில், அடிக்கோடிட்ட டீச்சர் கையெழுத்து.

"பிள்ளைத் துணிக்குக் கிழிக்கலாம்னு சேலைய எடுத்தேன், உள்ள இருந்துச்சு" என்றார் அத்தை.

"ஏன் அத்தை கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

மருந்து ஏறியது. சாயங்காலம் மகள் பிறந்தாள். மூன்றாம் நாள், குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சீட்டை அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து மறுபடி மறுபடி வாசித்தார். "மனப்பாடம் பண்றீங்களா அத்தை?" என்று சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை.

"உன் வீட்டுக்காரனுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. அவனுக்கே தெரியாது. மூணாம் நாளு காய்ச்சல்ல போயிருச்சு. எதனாலன்னு யாரும் சொல்லல" என்றார். சீட்டை மடித்து ஃபைலில் வைத்தார். "வாசிக்க எனக்கு ஒரு துண்டுப் பேப்பர்கூடக் குடுக்கலம்மா."