நெல்லுக்கு பிரேக் கிடையாது

நைனாவுக்கு எழுபது வயசு. காரை வீட்டு கேட்டுல உரசினதுலேர்ந்து சாவி என் பையில. தினமும் சண்டை.

இன்னிக்கு உத்திரமேரூர்லேர்ந்து ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரை வரவழைச்சேன். நைனா ஓட்டறதைப் பார்த்து அவர் சரின்னா சாவி நைனாவுக்கு, இல்லன்னா எனக்கு.

கியர், இண்டிகேட்டர் எல்லாம் சுத்தம். பின் சீட்டுல இருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஊர் தாண்டினதும் ரோட்டோட இடது பாதியில யாரோ நெல் காயப்போட்டிருந்தாங்க. நைனா நிதானமா வலது பக்கம் ஏறினார். எதிர்ல பஸ்!

"ஐயா, பஸ் வருது, நிறுத்துங்க!" மாஸ்டர் அலறினார்.

"பஸ்ஸுக்கு பிரேக் கீது. நெல்லுக்கு இன்னா கீது?"

பஸ்தான் நின்னுச்சு.

"இறங்குங்க, எப்படி ஓட்டணும்னு நான் காட்டறேன்"னு மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடிச்சார். கொஞ்ச தூரத்துல மறுபடி நெல், எதிர்ல டிராக்டர். மாஸ்டர் யோசிக்கவே இல்ல, வலது பக்கம் ஏறிட்டார். டிராக்டர் மண்ணுல இறங்கிடுச்சு.

நான் முறைச்சேன். "எங்க வூட்டு நெல்லுங்க"ன்னார் மாஸ்டர்.

நைனா என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர் பாஸும்மா."

சாவி இப்போ மறுபடி என் பையிலதான் இருக்கு. யார்கிட்ட கொடுக்கலாம்? ரோட்டுல நெல் காயவைக்காத வீட்டுக்காரங்க மட்டும் தீர்ப்பு சொல்லுங்க.