டட்ஜ் கட்டிய நெதர் வின்லோ ஸ்டேஷன்

ரெஜினால்ட் டட்ஜ் தன் ஆயுளில் பதினோரு வருடங்களைக் கொட்டிய வின்லோ பள்ளத்தாக்கு ரயில் பாதை மொத்தம் ஆறே மைல். பாலும் டர்னிப்பும் ஏற்றிப் போகப் பிறந்தது. பண்ணைக்காரர்கள் லாரி வாங்கியதும் செத்தது. அதன் சரித்திரத்திலேயே அதிகக் கூட்டம் ஏறியது 1911இல் ஒரு ஆட்டுச் சந்தையன்று: முப்பத்தொரு பேர். அதில் இருபத்து நாலு பேரின் பெயர் டட்ஜுக்குத் தெரியும். மீதி ஏழு பேரைக் கண்டுபிடிக்காமல் தனக்குச் சாவு வராது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ரயிலை மூடியது 1931 மார்ச்சில். அவர் பிறந்ததும் அதே மாதம். "ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்காது ரெஜ், மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்று அவர் மனைவி மோரின் ஆறுதல் சொல்வதுண்டு.

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷையர் சாலைத் துறையில் முப்பது வருடம் பாலங்களைத் தட்டித் தட்டி விரிசல் பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு தட்டப் பாலம் இல்லாததால் மனிதர்களைத் தட்ட ஆரம்பித்தார். பழைய ரயில்களையும் ஸ்டேஷன்களையும் சின்ன உருவில் செய்து பார்க்கும் மாதிரி ரயில் சங்கத்தின் செய்திமடலில் மாதாமாதம் யாராவது ஒருவரின் பிழையைப் பிடித்து அவர் கடிதம் வந்துவிடும். கோலின் ப்யூ ஆசை ஆசையாகச் செய்த சிக்னல் கம்பம் மூன்று மில்லிமீட்டர் உயரம் கூடுதல் என்று சொல்ல அவருக்கு ஒன்றரைப் பக்கம் தேவைப்பட்டது. கோலின் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது முதலில் சொன்னது, "உனக்கும் ஒரு நாள் வரும்டா கிழவா" என்பதுதான்.

டட்ஜ் வீட்டின் உபரிப் படுக்கையறையில் நாலு மீட்டர் நீளத்துக்கு நெதர் வின்லோ ஸ்டேஷன் எழும்பிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒரே ஒரு புகைப்படம். இறந்துபோன யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான் ஏலத்தில், காலி ஜாம் பாட்டில்களுக்கு நடுவே, அதன் நெகட்டிவான கண்ணாடித் தகடு அவருக்குக் கிடைத்தது. வேறொருவர் கை பட்டால் கெட்டுவிடும் என்று தன் குளியலறையை இருட்டாக்கி அவரே பிரதி எடுத்தார். பிளாட்பாரம், ஸ்டேஷன் மாஸ்டர் வீடு, விளக்குக் கொட்டகை, ஊர்ப் பெயர்ப் பலகையை மூடிப் படர்ந்த ரோஜா, தூரத்தில் வின்லோ குன்று. நடுவில் ஆர்தர் ப்ரீஸ் நின்றிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர், போர்ட்டர், விளக்கேற்றுபவர் எல்லாம் அவர் ஒருவர்தான்.

படத்தில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. குன்றைப் பார்த்து நின்றால் வீடு தண்டவாளத்துக்கு இடப்பக்கம் இருந்தது. அரசாங்க வரைபடத்திலோ வலப்பக்கம். வரைபடம் போட்டவர் அன்றைக்கு மதுக்கடையில் அதிக நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பன்னிரண்டு பக்கத்தில் நிரூபித்தார் டட்ஜ். அடுத்தது, ப்ரீஸின் கோட்டுப் பொத்தான்கள் பெண்கள் கோட்டில் இருப்பதுபோல் இடப்பக்கம் இருந்தன. இதற்கும் விளக்கம் இல்லாமலா போகும்? இருநூறு பிரதி அச்சடித்து நூற்று அறுபதைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்த தன் புத்தகத்தில் நாற்பத்தேழாவது அடிக்குறிப்பாக எழுதினார்: "சீருடைத் தட்டுப்பாட்டால் ப்ரீஸ் தன் மனைவியின் கோட்டை அணிந்திருக்கிறார்." பிளாட்பாரத்தில் நின்ற சுண்டுவிரல் நகமளவு ப்ரீஸ் பொம்மைக்கும் ஒற்றை மயிர்த் தூரிகையால் பொத்தான்களை இடப்பக்கமே வைத்தார்.

அவருக்குக் கோப்பை, பரிசு எதிலும் ஆசையில்லை. அந்த ஸ்டேஷன் வீட்டில் வாழ்ந்தவர்களில் மிச்சமிருந்தது ப்ரீஸின் மகள் ஆல்வென் மட்டும்தான். எழுபத்தெட்டு வயது, முதியோர் இல்லத்தில் இருந்தார். சங்கத்தின் அக்டோபர் கண்காட்சிக்கு அவரை வரச்சொல்லி டட்ஜ் கடிதம் போட்டிருந்தார்.

"அந்தம்மா பார்த்துட்டு 'ஆமா, இதுதான்'னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும் மோரின். அப்புறம் என்னைப் புதைச்சுடலாம்."

"புதைக்கிறதுக்கு முன்னாடி அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடு" என்றாள் மோரின்.

சனிக்கிழமை மெதடிஸ்ட் சர்ச் மண்டபத்தில் ஈரக் கோட்டு வாசனையும் முட்டை சாண்ட்விச் வாசனையும் கலந்து அடித்தன. மிஸ் ப்ரீஸ் பஸ் பிடித்துத் தனியாகவே வந்தார். குடையை மடக்கி மேசைக் காலில் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மிஸ்டர் டட்ஜ்," என்றார் நிமிர்ந்து, "எங்கப்பா எங்கம்மா கோட்டை ஒரு நாளும் போட்டதில்லை."

"அது வந்து... படத்துல பொத்தான்..."

"உங்க புத்தகத்தை யாரோ இல்லத்துல வாங்கி வெச்சுட்டாங்க. சாப்பாட்டு மேசையில அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. எங்கப்பா கிறிஸ்துமஸ் அன்னிக்குக்கூட டை கட்டாம வாசலுக்கு வராத மனுஷன்."

கைப்பையிலிருந்து ஒரு பழுப்பேறிய அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே புகைப்படம். படம் எடுத்தவரே பிரதி போட்டு ப்ரீஸுக்குக் கொடுத்தது. அதே ரோஜா, அதே கொட்டகை, அதே மனிதர். ஆனால் வீடு தண்டவாளத்துக்கு வலப்பக்கம். பொத்தான்கள் ஆண்பிள்ளைக்கு இருக்க வேண்டிய பக்கம்.

டட்ஜ் மடக்கு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கண்ணாடித் தகட்டைப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்திருக்கிறார். மருந்து பூசிய பக்கம் எது என்று விரலால் தடவிப் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். பதினோரு வருடமாக ஸ்டேஷனை இடம் வலமாக மாற்றிக் கட்டியிருக்கிறார்! குடிகாரன் பட்டம் வாங்கிய வரைபடக்காரர்தான் சரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூடப் பரவாயில்லை. இது குரங்கைப் பிடித்துவிட்டு, பிள்ளையாருக்கே முகம் கோணல் என்று அடிக்குறிப்பு எழுதிய கதை.

"பயப்படாதீங்க," என்று குரலைத் தாழ்த்தினார் மிஸ் ப்ரீஸ். "வீடு எந்தப் பக்கம்னு இங்க யாருக்குத் தெரியப்போகுது? நான் மூச்சு விட மாட்டேன். கோட்டு விஷயத்தை மட்டும் எடுத்துடுங்க, போதும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இப்படியொரு சந்தர்ப்பம் யாருக்கு வாய்க்கும்? ஒரு நிமிடம் டட்ஜுக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. ஆனால் ஆர்தர் ப்ரீஸின் கோட்டைச் சரி என்று சொன்னால் படம் புரண்டது என்றாகும். படம் புரண்டால் வீடும் புரளும், குன்றும் புரளும், பன்னிரண்டு பக்கமும் புரளும். ப்ரீஸின் மானத்தைக் காப்பாற்றத் தன் மானத்தை மொத்தமாக விற்றாக வேண்டும். கோலின் எதிர் மேசையில் கேக் தின்றுகொண்டிருந்தான்.

டட்ஜ் எழுந்து போய்க் குலுக்கல் சீட்டுக்கு வைத்திருந்த மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கவனிங்க. நெதர் வின்லோ ஸ்டேஷன்ல ஒரு பிழை இருக்கு. மூணு மில்லிமீட்டர் இல்லை. மொத்த ஸ்டேஷனும் பிழை. நான் படத்தைத் திருப்பிப் போட்டுட்டேன். ஆர்தர் ப்ரீஸ் போட்டிருந்தது அவரோட சொந்தக் கோட்டு. அவர் மேல நான் எழுதினது அபாண்டம். மன்னிச்சுக்குங்க, மிஸ் ப்ரீஸ்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கோலினுக்குக் கேக் புரையேறி, மோரின்தான் முதுகில் தட்டினாள்.

"பதினோரு வருஷம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான் கோலின். "பதினோரு வருஷமாடா கிழவா! என் கம்பத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினியே, இதுக்கு எத்தனை பக்கம் எழுதப் போறே?"

"நீயே எழுது. ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

கோலின் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தான். சிரிப்பு அடங்கியது. "இரு, வரேன்" என்று மேடைக்குப் பின்னால் போனவன், நாடகக்காரர்கள் வேஷம் கட்டும் அறையிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தான். மோரின் ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாக அதை ஸ்டேஷனுக்கு எதிரே படுக்கைவாட்டில் நிறுத்திப் பிடித்தார்கள்.

"இப்ப திரும்பி நின்னு இதுல பாருங்க, மிஸ் ப்ரீஸ்" என்றான் கோலின்.

அவர் திரும்பினார். டட்ஜும் தான் கட்டியதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றார். கண்ணாடியில் வீடு தண்டவாளத்துக்கு வலப்பக்கம் இருந்தது. பிளாட்பாரத்தில் அவர் அப்பா தன் சொந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

மிஸ் ப்ரீஸ் கண்ணாடியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

"ஆமா," என்றார். "இதுதான்."

டட்ஜுக்கு அழுகை முட்டியது. அடக்கவும் தெரியவில்லை, அடக்கத் தோன்றவும் இல்லை. மிஸ் ப்ரீஸ் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அந்தச் சின்ன வீட்டுக்கு முன்னால், கூரையைவிட உயரமாக, நரைத்த தலையோடு நின்ற தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றார் மெதுவாக, "நான்தான் ரொம்பப் பெருசாயிட்டேன்."