போவட்டுமா, நைனா?

வேணுவின் வீட்டை ஒட்டிப் போகும் சந்துதான் மெக்கானிக் சர்தாருக்குச் சோறு போட்டது. அந்த வீட்டுக்குப் பின்னால் கிடந்த தன் மனையில் ஷெட் போட்டு, கரும்பு டிராக்டர்களைப் பழுது பார்த்துவந்தார். மனை அவருடையது, சந்து வேணுவின் அப்பா பங்காருவுடையது. ஏரிக்கரைப் பக்கம் இன்னொரு வழி உண்டு. அதில் ஆள் போகலாம், டிராக்டர் போகாது.

பங்காரு இருந்தவரை தொல்லையில்லை. சந்துக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் சர்தார் குரல் கொடுப்பார்.

"போவட்டுமா, நைனா?"

"போப்பா. இதெல்லாமா கேப்ப?"

முப்பது வருடம் இப்படியே ஓடியது.

பெரியவர் கண்ணை மூடிய கையோடு வேணு கேட் போட்டுப் பூட்டினான். சர்தார் கோர்ட்டுக்குப் போனார். இருபது வருடத்துக்கு மேல் புழங்கிய வழியை யாராலும் அடைக்க முடியாது என்று அவருடைய வக்கீல் தைரியம் சொன்னார்.

கூண்டில் ஏறியவரை வேணுவின் வக்கீல் கேட்டது ஒன்றுதான்: "சந்துல போறதுக்குப் பெரியவர்கிட்ட அனுமதி கேப்பீங்களா?"

சர்தாருக்குச் சுருக்கென்றது. "கேக்காம போவேனாங்க? ஒவ்வொரு வாட்டியும் கேட்டுத்தான் போவேன். நான் இன்னா திருடனா?"

வெளியே வந்ததும் அவருடைய வக்கீல் சீறினார். "கேக்காம போயிருந்தா அது உரிமைய்யா! நீ கேட்டுகினே போயிருக்கியே, அது பெரியவர் தயவு பண்ணி வுட்டதுன்னு ஆயிடுச்சி."

கேஸ் தோற்றது. மரியாதை தெரிந்த மனுஷனுக்குச் சட்டம் கொடுத்த கூலி அதுதான்.

இப்போது சர்தார் அரக்கோணம் ரோட்டில் வேறொருவர் ஷெட்டில் வேலை செய்கிறார். ஒரு ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னாலும் முதலாளியை நிமிர்ந்து பார்க்கிறார்.

"எடுக்கட்டுமாங்க?"