பீதருக்குக் கிளம்பி, லாரி மேல் ஏறிப் பட்டான்செரு போன கதை

ஆயுத பூஜை முடிந்த நான்காம் நாள், சனிக்கிழமை. போலாரத்திலிருந்து பீதர் கோட்டைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கித் திரும்புவதாகத் திட்டம். எங்கள் வீட்டிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர். கோட்டை பார்க்கிற ஆசை பாதிதான். மீதிப் பாதி ஒரு பந்தயம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். போன வருஷம் கண்ணில் பிரஷர் என்று கண்டுபிடித்து, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் உடனே காரை விற்க ஆள் பார்க்க ஆரம்பித்தார். நான் விடுவேனா? ஐம்பத்து மூன்று வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், காலேஜ் பிள்ளைகளோடு வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கினேன்.

"பீதர் போய்ட்டு வா, பாக்கலாம். ஒரு கோளாறும் இல்லாம திரும்பி வந்தியானா வண்டி உன்னுது. இல்லன்னா திங்கக்கிழமை வாங்கற ஆளு வர்றாரு, சாவியக் குடுத்துடுவேன்" என்றார். சரி என்றேன். ஒரு வருஷமாக அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போய் என் இடுப்பு விட்டுப்போயிருக்கிறது. எனக்கு அந்த வண்டி வேண்டும், அவ்வளவுதான்.

காலை 6.50க்குக் கிளம்பினோம். மேட்சல் பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறும்போது மணி 7.20. எண்பதுக்கு மேல் போகவில்லை. ரோடு வெண்ணெய் மாதிரி. இவர் இடப்பக்கம் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

7.40க்கு மீட்டரில் மஞ்சள் விளக்கு. வண்டி ரெண்டு முறை உதறியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கேட்பாரில்லை. கை சும்மா இருக்கவில்லை. இண்டிகேட்டர் போட்டு, இருந்த வேகத்திலேயே இடது ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். நாலு விளக்கும் சிமிட்டுகிற ஸ்விட்சைப் போட்டேன். ஐம்பது அடி எண்ணிப் பின்னால் நடந்து சிவப்பு முக்கோணத்தை வைத்தேன். இவரைக் கையைப் பிடித்துத் தடுப்புக் கம்பிக்கு அந்தப்புறம் நிறுத்தினேன்.

"கிளட்ச்ச மிதிச்சே வெச்சிருப்ப. அதான்."

"நான் மிதிக்கவே இல்லீங்க."

"எப்படியோ, திங்கக்கிழமை வேல சுலபமாப் போச்சு." முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே பீதர் போயிருப்பேன்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது, நடுவழியில் வண்டி நின்றால் லாரி அனுப்புகிற உதவிக்கு ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட்டிருந்தேன். அந்த எண்ணுக்கு அடித்ததும் இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். எங்கே நிற்கிறீர்கள் என்று போனை எடுத்த பெண் ஹிந்தியில் கேட்க, இவர் "டௌன் லைன்ல நிக்கிறோம், மேட்சல் விட்டு பத்தொம்பது கிலோமீட்டர்" என்கிறார். ரயிலா ஓடுகிறது இங்கே! பாவம், அவள் லொகேஷன் அனுப்பச் சொன்னாள். அனுப்பினோம். 40 நிமிஷத்தில் வண்டி வரும் என்றாள்.

வந்தது, 8.25க்கு. ஆனால் இருபது அடி கீழே! ரிங் ரோட்டை ஒட்டிக் கீழே சர்வீஸ் ரோடு போகிறது. போன் காட்டிய புள்ளி அதன்மேல் விழுந்திருக்கிறது. நடுவில் கம்பி வேலி. கீழே லாரிக்காரர் கையை ஆட்டுகிறார், மேலே நாங்கள் கையை ஆட்டுகிறோம். இந்தமுறை போனை நான் கொடுக்கவில்லை. தடுப்புச் சுவர் ஓரத்துக் கிலோமீட்டர் கல்லில் இருந்ததைப் படித்து, எந்தத் திசையில் போகிற பக்கம் என்று சொல்லி, பின்னால் இருக்கிற வழியில் ஏறி வரச் சொன்னேன். 8.55க்கு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

லாரிக்காரர் பெயர் சலீம் பாய். நாற்பது வயதிருக்கும், தலையில் பச்சைத் துண்டு. அவர் பேசியது தக்கனி, இந்தப் பக்கத்து உருது; எனக்கு அது பிறந்த ஊர்ப் பேச்சுதான், இங்கே முக்கால்வாசி தமிழாக்கித் தருகிறேன். பானெட்டைத் திறந்தவர் அப்படியே குனிந்து நின்றுவிட்டார். இரண்டு விரலால் எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"அம்மா, இஞ்சினுக்குள்ள பொரி கைக்கு?" கைக்கு என்றால் எதற்கு.

பொரி. உடைத்த கடலை. ஓரத்தில் பிசுபிசுவென்று ஒரு வெல்லக்கட்டி. அதற்குப் பக்கத்தில் செம்பு தெரியத் தெரியக் கடித்துப்போட்ட வயர், எலிப் புழுக்கை.

நான் மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் தூரத்தில் போகிற டேங்கர் லாரியைப் பார்த்தார்.

"பூஜ அன்னிக்கு நான் சுண்டல் தாளிச்சிட்டிருந்தப்ப கீழ போனீங்களே, இதுக்குத்தானா?"

"ஒர்க்‌ஷாப்புல மிஷின் மூடியத் திறந்துதான் படையல் வெப்போம். இஞ்சினுக்குத்தானே பூஜ, பெயிண்டுக்கா?"

"வெச்சத எடுக்க வேணாமா?"

"அங்க மறுநாள் கிளீனர் எடுத்துடுவான்."

சலீம் பாய் சிரித்த சிரிப்பில் பச்சைத் துண்டு அவிழ்ந்துவிட்டது. "ஹவ் சாப், எலியும் நல்லாப் பண்டிகை கொண்டாடியிருக்கு!" எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவருக்கு மட்டும் வரவில்லை.

வயரை அங்கேயே முறுக்கிக் கட்டிவிடலாம் என்று இவர் ஆரம்பித்தார். "நக்கோ சாப், இங்க குனிஞ்சு வேலை பார்த்தா பின்னால வர்றவன் நம்மளையும் சேர்த்து ஏத்திடுவான்" என்று சலீம் பாய் மறுத்துவிட்டார். லாரித் தட்டைச் சரித்து, இரும்புக் கயிற்றில் காரை மெல்ல இழுத்து ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் பட்டை கட்டினார். காரின் கண்ணாடியில் இருந்த டோல் ஸ்டிக்கர் மேல் ஒரு செய்தித்தாளை ஒட்டினார்; இல்லாவிட்டால் சில சமயம் கேட்டில் இரண்டு வண்டிக்கும் காசு பிடித்துவிடுமாம். நாங்கள் மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம்.

"அம்மா வண்டியை ஒதுக்கின இடம் சரியான இடம்" என்றார் வழியில். "பாதிப் பேர் நடு லேன்ல விட்டுட்டு உள்ளேயே உக்காந்து போன் பண்றாங்க." இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டான்செருவில் மெக்கானிக் ஷெட்டில் இறக்கியபோது 9.50. லாரிக்கு எதுவும் தரவேண்டியதில்லை, ஐம்பது கிலோமீட்டர் வரை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். வயர் மாற்ற 1,850 ரூபாய், இரண்டு மணி நேரம். எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டோம். ஷிஃப்ட் முடிந்த கம்பெனி ஆட்கள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீங்களும் இந்தப் பக்கம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கேளுங்கள். ரிங் ரோட்டில் போன் புள்ளியை நம்பாதீர்கள். கிலோமீட்டர் கல்லையும் போகும் திசையையும் வாயால் சொல்லுங்கள், "மேல் ரோடு" என்று இரண்டு முறை சொல்லுங்கள். கொக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கிற வண்டி வேண்டாம், தட்டு லாரி என்று கேட்டு வாங்குங்கள், ஆட்டோமேடிக் வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். ஏற்றும்முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். தண்ணீர் இரண்டு லிட்டராவது இருக்கட்டும். ஆயுத பூஜை செய்கிறவர்களா, பானெட்டைத் திறந்து பாருங்கள், உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருக்கலாம்.

இதெல்லாம் சரி, பந்தயம்? கோளாறு கோளாறுதான். யார் செய்தது என்பது பந்தயப் பேச்சில் இல்லை. இட்லியை மென்றுகொண்டே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

11.55க்கு வண்டி ஸ்டார்ட் ஆனது. அதே நேரம் இவர் போன் அடித்தது. வாங்க வருகிற ஆள். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும், வண்டி நல்ல கண்டிஷன்தானே என்று அவர் விசாரித்தது எனக்கும் கேட்டது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இவர் தெலுங்கில், ஷெட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, "வண்டி நல்லா இருக்கு. ஓட்டறவங்க அதைவிட நல்லா இருக்காங்க. கோளாறு பண்ணினது நான். விக்கறதா இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவர் வாயால் "கோளாறு பண்ணினது நான்" என்று கேட்டது அதுதான் முதல்முறை.

இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். நான் சாவியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். முன்னால் ரோடு கலங்கித் தெரிந்தது.

"கண்ணு சரியில்லாதவன் நான்" என்றார். "நீ தொடச்சிட்டு ஓட்டு."