கொட்டச்சேட்டுக் காரும் அதன் பொல்லாத சாவியும்

டிரைவர் உத்தியோகத்தில் ஸ்டியரிங் பிடிப்பதெல்லாம் சுலபம், சாவி பிடிப்பதுதான் பிராணனை வாங்கும். அடுத்தவர் காரின் சாவியை ஒரு நாளாவது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் என்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டு வாசியுங்கள்.

சாவி இல்லாத சாவி

ஏற்காட்டைத் தாண்டி, கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு டிரைவர் வேலை. பல வருஷம் ஜீப்தான் ஓட்டினேன். அந்த ஜீப்பின் ஸ்பிரிங்கெல்லாம் சக்கரத்தை விட்டுவிட்டு சீட்டு வழியாக வெளியே வந்திருந்தது. எனக்கு வயசாவதற்கு முன்பே என் இடுப்புக்கு வயசாகிவிட்டது. போன மார்கழியில் முதலாளி பெங்களூரில் ஒருவரிடமிருந்து பெரிய வெளிநாட்டுக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கிவந்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் சீட்டு சூடாகும். அந்தக் குளிரில் அதை அமுக்கிவிட்டு உட்கார்ந்தேன் பாருங்கள், யாரோ இடுப்புக்கு ஒத்தடம் கொடுப்பது போல இருந்தது. ஒரே வாரத்தில் யார் துணையும் இல்லாமல் குனிந்து செருப்பு மாட்டினேன். அந்த சீட்டுக்காக நான் எதையும் செய்வேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சாவிதான் சனியனாக வந்து வாய்த்தது. பல் கிடையாது, துவாரம் கிடையாது, கருப்பாக ஒரு கட்டி, அதில் இரண்டு பட்டன். ஒன்றை அமுக்கினால் கார் திறக்க வேண்டும். அது நினைத்தால் திறந்தது, நினைக்காவிட்டால் இல்லை. பேட்டரி மாற்றினேன், துடைத்தேன், ஊதினேன், வெயிலில் காய வைத்தேன். மசியவில்லை. முதலாளி என் கையில்தான் கோளாறு என்றார். காப்பிப் பறிப்பு முடிவதற்குள் சாவி சரியாகாவிட்டால் காரை விற்றுவிடுவதாகவும், என்னை மறுபடி ஜீப்பில் ஏற்றிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்து நாலு பக்கமும் நின்று அமுக்கிக்கொண்டிருந்ததை எங்கள் ரைட்டர் குப்புசாமி பார்த்தார். எஸ்டேட்டில் ஆள் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் அவர் கையில். அவர் சொன்னார்: "ஏனுங்க முத்து, பெங்களூர்க்காரங்க சாவியவும் பூட்டித்தான் வித்துப்போட்டாங்களாட்டம் இருக்குதுங்க."

நேரங்கெட்ட சங்கு

ஒருநாள் அந்தக் கட்டியை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மெல்லிசாக ஓர் இரும்புச் சாவி வழுக்கிக்கொண்டு வந்தது. அவசரத்துக்கு என்று ஒளித்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடிபடாத சந்தோஷம். கதவில் நுழைத்துத் திருகினேன், திறந்தது. ஆனால் பட்டனை அமுக்காமல் கதவைத் திறக்கிறவன் திருடன் என்பது அந்தக் காரின் எண்ணம். ஊரைக் கூட்டுகிற மாதிரி ஊளையிட ஆரம்பித்தது. எந்தப் பட்டனை அமுக்கியும் நிற்கவில்லை.

எங்கள் எஸ்டேட்டில் வேலை விடும் நேரத்துக்குச் சங்கு ஊதுவார்கள். இந்தச் சத்தமும் அச்சு அசல் அதே சத்தம். மேல் சரிவில் பழம் பறித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். காலை டீ குடித்த வாய் இன்னும் காயவில்லை. முதலாளி கையில் டம்ளரோடு வாசலில் வந்து நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடுகிறேன். கூட்டத்தில் முன்னால் நின்ற சின்னப்பொண்ணு அக்கா என்னைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டார்: "நேரத்தோட உட்டுட்டீங்க, மவராசனா இருக்கோணும் சாமி. நாளைக்கும் இதே நேரந்தானுங்களா?"

செம்மநத்தத்தில் இறங்கிய சாவி

அன்றோடு இரும்புச் சாவிக்குத் தடை வந்தது. முதலாளியின் சம்சாரம், நாங்களெல்லாம் அம்மா என்று கூப்பிடுகிறவர், அது ஒன்றுதான் பார்க்கச் சாவி மாதிரி இருக்கிறது என்று அதற்கு மஞ்சள் கயிறு கட்டிப் பூசை அறையில் எங்கள் மலைச்சாமி சேர்வராயன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். முதலாளி சாமி இல்லை என்கிற கட்சி. காருக்கு எலுமிச்சம்பழம்கூட வைக்க விடாதவர், அந்த அறைப் பக்கமே போக மாட்டார். பட்டன் சாவியை மட்டும் என்னை நம்பாமல் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. இந்தக் கார் கிளம்பும்போது சாவி உள்ளே இருந்தால் போதும், அப்புறம் சாவி இறங்கிப் போனாலும் இது பாட்டுக்கு ஓடும். செம்மநத்தத்தில் ஒரு விவசாயியைப் பார்க்க முதலாளி இறங்கி, ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறினார். நான் காரைத் திருப்ப இடம் தேடி முன்னால் போனேன். எதிரே மினிபஸ். அது போகட்டும் என்று ஓரங்கட்டி, டீசல் எதற்கு வீணாக என்று மரியாதையாக அணைத்தேன். அணைத்த பிறகுதான் பார்த்தேன், ஓரம் போதவில்லை. மறுபடி கிளப்பப் போனால் சாவியைக் காணோம் என்று கண்ணாடிக்குக் கீழே எழுத்து ஓடுகிறது. சாவி மலைமேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது. நான் மூச்சு வாங்க ஏறிப்போய் வாங்கிவருவதற்குள் பஸ்ஸில் இருந்த ஆட்கள், ஓர் ஆட்டுக்குட்டி உட்பட, இறங்கி நடந்தே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கண்டக்டர் மட்டும் எனக்காகக் காத்திருந்து கேட்டார்: "இத்தாப்பெரிய வண்டி வாங்குனீங்க, சாவியக் கட்டி வெக்க ஒரு கயிறு வாங்கலீங்களா?"

தள்ளி நில்லுங்க

செம்மநத்தத்தோடு சாவி மறுபடி என் கைக்கே வந்தது. கடைசியில் சேலத்தில் இந்த மாதிரிக் கார்களைப் பார்க்கும் ஒரு மெக்கானிக்கின் நம்பர் கிடைத்தது. போனிலேயே வழி சொல்கிறேன் என்றார். எங்கள் எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் களத்தின் ஒரு மூலையில் நின்றால்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். கார் கீழே ஷெட்டில். அதனால் ரைட்டர் களத்தில் நின்று போனில் கேட்டுக் கேட்டுக் கத்துவது, நான் ஷெட்டில் நின்று செய்வது என்று ஏற்பாடு. நல்ல காற்று வேறு.

மெக்கானிக் சொன்னது, கொஞ்சம் தள்ளி நின்று அமுக்கிப் பாருங்கள் என்று. காற்று பாதியை எடுத்துக்கொண்டு மீதியை எனக்குத் தந்தது. "தள்ளி... அமுக்கி..." என்று மட்டும் கேட்டது. இவ்வளவு பெரிய காரைத் தனியாளாகத் தள்ள முடியாது என்று மூட்டை தூக்குகிற இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டேன். ரைட்டர் "இன்னும் தள்ளி" என்று கத்தினார். நாங்கள் இன்னும் தள்ளினோம். பூட்டிக் கிடந்த கார் ஓர் அங்குலம் நகரவில்லை. தள்ளிய வேகத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். எதற்காக இந்தப் பாடு படுகிறேனோ அந்த இடுப்பே போச்சே என்று எனக்கு அழுகையாக வந்தது. நடந்ததை ரைட்டர் போனில் விவரித்தார். சேலத்துக்காரர் கேட்டாராம்: "ஏனுங்க, நோவு சாவிக்குத்தானுங்களே, வண்டிய எதுக்குங்க தள்ளுனீங்க?"

வெள்ளிக்கிழமை வைத்தியம்

பறிப்பு கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. ஷெட்டின் மூலையில் ஜீப் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த வெள்ளிக்கிழமை அம்மா சேர்வராயன் கோயிலுக்குக் கிளம்பினார். கார் வழக்கம்போலத் திறக்கவில்லை. அலுத்துப்போய், நீங்களே ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள் என்று சாவியை அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கோயிலுக்குப் போகிற நினைப்பில் இருந்தாரோ என்னவோ, பிரசாதம் வாங்கிய மாதிரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெற்றியில் வைத்தபடியே அமுக்கினார். நாலு கதவும் படக்கென்று திறந்தன.

நானும் செய்து பார்த்தேன். கையை நீட்டி அமுக்கினால் இல்லை, கண்ணில் ஒற்றி அமுக்கினால் உண்டு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் எஸ்டேட் முழுக்கச் செய்தி பரவி, ரைட்டர் தன் மொபெட் சாவியையும் கண்ணில் ஒற்ற ஆரம்பித்திருந்தார். முதலாளிக்கு வந்ததே கோபம். எங்கள் எல்லோரையும் களத்துக்கு இழுத்துப்போய், சேலத்துக்காரரைப் போனில் பிடித்து, அனைவருக்கும் கேட்கும்படி விளக்கம் கேட்டார். அவர் சொன்னார்: சாவியின் சிக்னல் சோர்ந்துவிட்டது, மனுஷன் தலைக்குள் தண்ணீர் நிறைய இருக்கிறது, தலையோடு சேர்த்துப் பிடித்தால் சிக்னல் கூடுதல் தூரம் போகும், வேறொன்றுமில்லை. முதலாளி ஜெயித்த முகத்தோடு திரும்பி, பார்த்தாயா சயின்ஸை என்றார். அம்மா நிதானமாகக் கேட்டார்: "அந்தத் தண்ணிய தலைக்குள்ள வெச்சது ஆருங்க?"

நாமக்கல்காரர்

சயின்ஸ்தான் என்று தெரிந்தும் முதலாளிக்கு அப்படிப் பிடிக்க மனசு வரவில்லை. தாடையில் வைத்துப் பார்த்தார், கழுத்தில் வைத்துப் பார்த்தார். கார் கேட்கவில்லை. இரண்டு கையும் சேர்த்து நெற்றிக்குக் கொண்டுபோனால் மட்டும் கேட்டது. புதுச் சாவி வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை ஊர் பார்க்கக் காரைக் கும்பிட்டுக்கொண்டிருக்க முடியாது என்று விற்பதற்கு ஆள் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். பக்கத்தில் நல்ல நேரம் பார்த்துச் சொல்ல ஒரு மச்சான். முதலாளியே காரைக் காட்டப் போனார். சாவியை நீட்டி அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார். நாமக்கல்காரர் மச்சானைப் பார்த்தார். காரில் கோளாறா என்று மெதுவாகக் கேட்டார். நான் ஒரு பக்கமாக நின்று, எந்தச் சாமி காதிலாவது விழட்டும் என்று, திறக்கக் கூடாது திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். முதலாளிக்குத் தன் காரைக் கோளாறு என்று சொன்னால் தாங்காது. சுற்றும் முற்றும் பார்த்தார். இரண்டு கையும் சேர்த்துச் சாவியைப் பொத்தினார். பனித் தூறல் கண்ணில் விழுந்ததால் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் வைத்து அமுக்கினார். நாலு கதவும் திறந்து, விளக்கெல்லாம் கண் சிமிட்டின.

என் சீட்டு போனது என்று நினைத்தேன். நாமக்கல்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, எஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை. முதலாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி அவசர அவசரமாகத் தலை, தண்ணீர், சிக்னல் என்று விளக்கினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கார் பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "வேண்டாமுங்க. இப்பிடிக் கண்ணுல ஒத்தி வெச்சிருக்கற வண்டிய உங்ககிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டு போனா, அந்தப் பாவம் எங்க பண்ணைக்கு ஆகாதுங்க."

இன்றைக்கும் சாமி இல்லை என்கிற முதலாளியும், இடுப்பு இருக்கிறது என்கிற நானும், மாற்றி மாற்றி அதே சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொட்டச்சேட்டை விட்டுக் கிளம்புகிறோம்.